உஷார்! ‘பையன் எடை குறைவு, ஜாக்கி ஆக்கிடலாம்’ என்கிறார்களா?

‘பையன் குள்ளமா, ஒல்லியா இருக்கான். குதிரை ரேஸுக்கு அனுப்புங்க, பணம் கொட்டும்’ என்று யாராவது ஆசை காட்டினால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். ரேஸின் தாய்வீடான இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நான் சொல்லப்போவது தோற்றவர்கள் கதை அல்ல, உச்சத்துக்குப் போனவர்கள் கதை.

ஃப்ரெட் ஆர்ச்சர் 1874 முதல் தொடர்ந்து 13 ஆண்டுகள் சாம்பியன். 2,748 பந்தயங்களில் ஜெயித்தவர். ஆனால் ஜாக்கிக்கு ஆகாத உயரம். எடை ஏறாமலிருக்கப் பட்டினி கிடந்தார், வெந்நீராவியில் வியர்த்தார், கடும் பேதி மருந்து குடித்தார். 1886-ல் கேம்பிரிட்ஜ்ஷயர் பந்தயத்துக்காக உடம்பை வற்றவைத்தும், குதிரையின் தலையளவு வித்தியாசத்தில் தோற்றார். மனைவியை ஏற்கெனவே பறிகொடுத்தவர். காய்ச்சலில் விழுந்தார். அந்த நவம்பரில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். வயது 29.

அந்தக் காலத்துச் சங்கதி என்று ஒதுக்கவும் வழியில்லை. வால்டர் ஸ்வின்பர்ன் 1981-ல், 19 வயதில், ஷெர்கார் என்ற குதிரை மீதேறி, இங்கிலாந்தின் புகழ்பெற்ற டெர்பி பந்தயத்தை 10 குதிரை நீளத்தில் ஜெயித்தார். பின்னாளில் எடையோடும் குடியோடும் மல்லுக்கட்டினார். 1996-ல் ஹாங்காங்கில் விழுந்து தலையில் பலத்த அடி. 2000-ல் எடைப் போராட்டம் தாளாமல் விலகினார். 55 வயதில் போய்விட்டார். 11 முறை சாம்பியனான பாட் எடரியையும் ஓய்வுக்குப் பின் குடி விடவில்லை, 63 வயதில் வாழ்க்கை முடிந்துவிட்டது.

லெஸ்டர் பிகட் 9 முறை டெர்பியை ஜெயித்தவர். 1985-ல் ஓய்வு; 1987-ல் வரி ஏய்ப்புக்காகச் சிறை. 1990-ல், 54 வயதில் திரும்பி வந்து, பன்னிரண்டாம் நாளே அமெரிக்காவில் பெரிய பந்தயம் ஒன்றை ஜெயித்தார். உலகம் கைதட்டியது. எனக்கென்னவோ, சேணத்தை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறியாக வேண்டும். எடையைச் சீக்கிரம் குறைக்க எளிய வழி, உடம்பின் தண்ணீரை வெளியேற்றுவது. தண்ணீர் வற்றினால் தலை சுற்றும், நிதானம் தவறும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் குதிரை மேல் அப்படி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்! வளரும் வயதில் பட்டினி கிடந்தால் எலும்பும் பலமிழக்கும். விழுந்தால் பந்தயத்தின் பின்னாலேயே வரும் ஆம்புலன்ஸ் தூக்கிப்போகும். தராசு செய்யும் சேதத்துக்கு எந்த ஆம்புலன்ஸும் வராது.

குத்துச்சண்டை, மல்யுத்தம் என்று எடைப்பிரிவு விளையாட்டில் பிள்ளை இருந்தாலும் கவனியுங்கள். சாப்பாட்டைத் தள்ளுவது, வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடுவது, பையில் பேதி மாத்திரையோ சிறுநீர் மாத்திரையோ வைத்திருப்பது: இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

ரேஸுக்கு அழைக்க வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வளர்ந்து எடை கூடினால் என்ன செய்வீர்கள்? அடிபட்டுப் படுத்தால் சம்பளம் யார் தருவார்? முப்பத்தைந்து வயதுக்கு மேல் என்ன வேலை? நேரான பதில் வரவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.