உண்ணி

பசுவின் மடியிலும் காதோரத்திலும் ஆமணக்கு விதைபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியை நாம் பார்த்திருக்கிறோம். இதையும் இறைவன் ஏன் படைத்தாரோ! பூச்சி என்போம், ஆனால் வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள், ஆகையால் அது சிலந்திக்கு உறவு.

இரத்தம் உறிஞ்சுவதால் பசு மெலியும், பால் குறையும். அதனினும் கொடியது, உமிழ்நீரோடு உள்ளே புகும் பபீசியா என்னும் கிருமி. அது சிவப்பணுக்களை உடைக்க, காய்ச்சல் கண்டு சிறுநீர் காப்பி நிறமாகும். உண்ணியே இதற்குக் காரணம் என்று அமெரிக்காவில் மாடு வளர்ப்போர் சொன்னபோது கற்றோர் பலர் நம்பவில்லை. 1893-ல் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் அதை மெய்ப்பித்தனர். தாயின் கிருமி முட்டை வழியே குஞ்சுகளுக்கும் செல்கிறதாம்!

இரத்தம் குடித்துப் பருத்த உண்ணி தரையில் உதிர்ந்து, இடுக்குகளில் 2,000-க்கு மேலும் முட்டையிடக்கூடும். ஆகவே பசுவின்மேல் பிடுங்கினால் போதாது. தொழுவத்து வெடிப்புகளையும் பூசி அடைக்கவேண்டும்.