பாலை என்பது இடமா, காலமா? உவர்மலைப் பற்றைகளும் வண்ணத்துப்பூச்சி நோக்கலும்

பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழுவது மணலும் ஒட்டகமும் பேரீச்ச மரமுமாகும். பாடநூல்களின் வழியே நமக்கு வந்து சேர்ந்த இந்தச் சித்திரம் சகாராவுக்கும் அராபியாவுக்கும் உரியது. தமிழ் மரபில் பாலை என்பதற்கு இருந்த பொருள் வேறு. தொல்காப்பியம் பாலைக்கெனத் தனிநிலம் வகுக்கவில்லை. நண்பகலையும் வேனிலையுமே அதற்குரிய பொழுதாகக் கூறுகிறது. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்பது சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை தரும் விளக்கம். அதாவது பாலை ஓர் இடமன்று; ஓர் இடம் சில காலம் அடையும் நிலை.

இக்கருத்தை நாம் பெரும்பாலும் திணைக்கோட்பாட்டின் ஒரு கூறாக மட்டும் படித்து அப்பாற் செல்கின்றோம். உலர் வலயத்து உயிர்வாழ்க்கை பற்றிய கூற்றாகவும் அதனைக் கொள்ள முடியும் என்பதே இங்கு நாம் எடுத்துரைக்க விரும்புவது. அதனைச் சோதித்துப் பார்க்க அராபியாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. திருகோணமலை நகரில், ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் என்றும் தமிழில் உவர்மலை என்றும் வழங்கும் மேட்டுநிலத்தின் வேலியோரங்களும் வெற்றுவளவுப் பற்றைகளும் போதுமானவை.

உவர்மலை உள்துறைமுகத்தை அண்டி அமைந்தது. இன்று அரச அலுவலகங்களும் விவேகானந்தா கல்லூரியும் குடிமனைகளும் நிறைந்த பகுதி அது. திருகோணமலையின் ஆண்டுச் சராசரி மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1600 மில்லிமீற்றர். இலண்டன் நகரம் பெறுவதைவிட இருமடங்குக்கு மேல். ஆயினும் இலண்டனின் புற்றரை ஆண்டு முழுவதும் பச்சையாயிருக்க, இங்கு ஆனி மாதத்தில் புல் வைக்கோலாகின்றது. காரணம் மழையின் அளவன்று, அதன் பங்கீடு. மூன்றில் இரண்டு பங்கு மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதங்களில், வாடைக்காற்றோடு வந்துவிடுகிறது. அதன்பின் கச்சான் வீசும் மாதங்களில் ஈரம் மண்ணிலும் நில்லாது, இலையிலும் நில்லாது. ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவான மழை பெறுவதே பாலைவனம் என்ற புவியியல் வரையறைப்படி இலங்கையில் பாலைவனம் இல்லை. மன்னாரும் அம்பாந்தோட்டையும் வடமராட்சியின் மணற்காடும்கூட அவ்வரையறைக்குள் வாரா. ஆனால் தமிழ் இலக்கணம் கூறும் பாலை ஆண்டுதோறும் இங்கு வந்து போகின்றது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். வன்னியிலும் திருகோணமலையிலும் 'பாலை' என்றால் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு மரம். வீரையோடும் முதிரையோடும் உலர் வலயக் காட்டில் ஓங்கி நிற்கும் அம்மரம், மழையற்ற மாதங்களிலேயே பழுத்து, மனிதருக்கும் கரடிக்கும் இனிய பழம் தருகிறது. (இலக்கியத்துப் பாலைத்திணைக்குப் பெயர் தந்த மரம் வெட்பாலை எனக் கொள்வோரும் உளர், அவ்வாராய்ச்சி இங்கு வேண்டியதில்லை.)

வறண்ட நிலத்தை வெறுமை என்று எண்ணும் பழக்கத்துக்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் பாழ்நிலமும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிறுவப்படாதவிடத்து, முடிக்குரியவை எனக் கருதப்படும் என்றது. 1897இல் பாழ்நிலங்களுக்கெனவே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. பெருந்தோட்டங்களுக்கு நிலம் தேடிய ஆட்சியின் கண்ணில், உழாத நிலம் எல்லாம் பாழ். இச்சட்டங்களின் பொருளாதார விளைவுகள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அவை நம் பார்வையில் விட்டுச்சென்ற எச்சம் அத்துணை ஆராயப்படவில்லை. ஒரு வளவில் சூரையும் ஆதண்டையும் எருக்கும் மண்டிக் கிடந்தால் 'சும்மா கிடக்கிற காணி' என்று இன்றும் சொல்கின்றோம். அங்கு என்ன நடக்கின்றது என்பதை அறிய, வண்ணத்துப்பூச்சியைப்போல் எளிதில் கண்ணிற்படும் வழிகாட்டி வேறில்லை. குடம்பிப் பருவத்தில் அது குறித்த சில தாவரங்களை மட்டுமே உண்பதால், பூச்சியைக் கண்ட இடத்தில் அதன் தாவரத்தைத் தேடலாம். தாவரம் அழிந்தால் பூச்சியும் இராது.

பாலைக்கும் திருகோணமலைக்கும் இடையிலான தொடர்பைப் பூச்சியியல் வரலாறே ஒரு மனிதரின் வழியாக இணைத்து வைத்துள்ளது. பிரித்தானியப் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. யெர்பரி என்ற அதிகாரி ஏடனில் பணியாற்றிய காலத்தில் அங்கு வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்தார். அச்சேகரிப்பை 1884இல் ஆர்தர் கார்டினர் பட்லர் ஆராய்ந்து வெளியிட்டார். அதே யெர்பரி 1890களின் தொடக்கத்தில் திருகோணமலையில் ஈக்களையும் குளவிகளையும் சேகரித்து இலண்டன் அரும்பொருளகத்துக்கு அனுப்பினார். 'திரிங்கோமாலி, யெர்பரி' என்ற சிட்டையோடு பல இனங்கள் முதன்முதலாக அறிவியல் உலகுக்கு அறிமுகமாயின. ஏடனின் எரிமலைப்பாறையிலும் கொட்டியாரக் குடாவின் கரையிலும் ஒரே கை வலை வீசியது.

இது தற்செயல் ஒற்றுமை. ஆனால் பூச்சிகள் தம்மளவில் காட்டும் ஒற்றுமை தற்செயலானதன்று. கொலோட்டிஸ் என்னும் பேரினத்தின் பெரும்பகுதி ஆபிரிக்காவின் வறண்ட வெளிகளில் வாழ்கிறது. அங்கிருந்து அராபியா வழியாக இந்தியாவின் வறண்ட பகுதிகளுக்குப் பரந்து, இலங்கையின் உலர்ந்த கரையோரத்தில் அதன் எல்லை முடிகிறது. வெண்மையும் இளஞ்சிவப்புமான சிறகோரங்களில் கருமை தீட்டிய இச்சிறு பூச்சிகளில் இரண்டுக்கு ஆங்கிலேயர் 'அரபி' என்றே பெயரிட்டனர். மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் அவற்றில் ஒன்றின் குடம்பி உண்பது உகாய் இலையை. பாலைத்திணைப் பாடல்களில் இடம்பெறும் அதே உகாய். முசுலிம் மக்கள் பல் துலக்கும் மிசுவாக்குக் குச்சி தரும் மரமும் அதுவே. இப்பேரினத்தின் ஏனைய இனங்கள் ஆதண்டை, விழுதி முதலியவற்றை உண்கின்றன. உகாய்க்கும் ஆதண்டைக்கும் வெளித்தோற்றத்தில் உறவு தெரியாது. ஆயின் இரண்டும் கடுகு இனம் சேர்ந்த பெருவரிசையில் அடங்குவன. இரண்டின் இலையிலும் கடுகின் காரத்துக்குக் காரணமான வேதிப்பொருள் வகை உண்டு. தாவரவியலாளர் மூலக்கூற்று ஆய்வால் உறுதிசெய்த உறவை இப்பூச்சிகளின் நா முன்னரே அறிந்திருந்தது எனலாம்.

கச்சான் மாதங்களில் பற்றைக்குள் நடப்பவருக்கு முதலில் தோன்றுவது பூச்சிகள் மறைந்துவிட்டன என்பதே. அவை மறையவில்லை, வெவ்வேறு முறையில் காத்திருக்கின்றன. சில கூட்டுப்புழுப் பருவத்திலேயே வளர்ச்சியை நிறுத்தி மழையை எதிர்நோக்குகின்றன. தேசி, எலுமிச்சைக் கன்றுகளில் காணும் கரும்புள்ளி மஞ்சட் பூச்சியின் கூட்டுப்புழுக்களிற் சில இவ்வாறு நாட்கணக்கை மாதக்கணக்காக நீட்டவல்லன. வேறு சில நிறையுடலியாகவே, இனப்பெருக்கத்தை ஒத்திவைத்து, நிழலில் ஒடுங்கிக் கிடக்கின்றன.

இவற்றுள் மிகவும் வியப்புக்குரியது அந்திநேரத்தில் பறக்கும் மெலனிற்றிஸ் லேடா என்ற கபிலநிறப் பூச்சி. அதன் குடம்பி புல்லையும் நெற்பயிரையும் உண்கிறது. மழைக்காலத்தில் பிறக்கும் தலைமுறையின் கீழ்ச்சிறகில் வரிசையாகக் கண்போன்ற வட்டங்கள் உண்டு. வறட்சியில் பிறக்கும் தலைமுறையில் அவை சுருங்கிப் புள்ளிகளாகவோ அறவே இல்லாமலோ போய், சிறகோரம் கோணலாகி, முழுப்பூச்சியும் ஒரு காய்ந்த இலையாகிவிடுகிறது. நெடுங்காலம் இவை இரு வேறு இனங்களோ எனக் குழம்பியோரும் உளர். பச்சைப் புல்லிடை ஓயாது அசையும் காலத்தில் மறைந்திருத்தல் அரிது. சிறகோரத்துக் கண்வட்டம் பறவையின் கொத்தலை உடலிலிருந்து விலக்கி ஓரத்துக்குத் திருப்புகிறது. சருகின்மேல் அசையாதிருக்கும் காலத்திலோ அதே வட்டம் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகிவிடும். இவ்வகைப் பூச்சிகளின் ஆபிரிக்க உறவினமான பைசைக்கிளஸ் அனினானாவில் நிகழ்த்திய பரிசோதனைகள் இதன் பொறிமுறையைத் தெளிவாக்கியுள்ளன. குடம்பி வளரும் காலத்து வெப்பநிலை, கூட்டுப்புழுவில் தோலுரிப்பு ஓமோன் சுரக்கும் வேளையை மாற்றுகிறது. அவ்வேளையே சிறகின் கோலத்தைத் தீர்மானிக்கிறது. பரம்பரையலகு ஒன்றே, காலம் அதனை இருவிதமாகப் படிக்கிறது. முல்லை தன் இயல்பு திரிந்து பாலையாவதற்கு இதனினும் நேரான உயிரியற் சான்று தேடுவது கடினம்.

எருக்கின் கதை வேறு. கோடையிலும் வாடாத அதன் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஆடும் மாடும் ஒதுக்கும் அவ்விலையை உண்டு வளரும் பூச்சியே தமிழகத்தில் இன்று 'வெந்தய வரியன்' என வழங்கும் செம்மஞ்சள் நிறப் பூச்சி. அந்நஞ்சின் ஒரு பகுதி, எல்லாவற்றிலும் ஒரே அளவில் அன்று, நிறையுடலியிலும் தங்குகிறது. அது நிதானமாகப் பறப்பதற்கு இது ஒரு காரணம். நஞ்சற்ற இன்னோரினத்தின் பெண், அதாவது ஹைப்போலிம்னஸ் மிசிப்பஸ், இதன் நிறத்தை அப்படியே போர்த்துக்கொண்டு அந்த அச்சத்தில் பங்கு கேட்கிறது. அதன் ஆணோ வெள்ளை வட்டங்கள் கொண்ட கருநிறப் பூச்சி. கணவனும் மனைவியும் ஒரே இனத்தவர் என்று முதலிற் காண்பவர் நம்பமாட்டார்.

வெந்தய வரியனின் ஆண்கள் பூவிலன்றிக் காய்ந்துபோன தேள்கொடுக்கு, கிலுகிலுப்பைச் செடிகளின் தண்டில் கூடிநிற்பதைக் கவனிக்கலாம். அவை அங்குத் தேடுவது தேனை அன்று. அச்செடிகளிலுள்ள அற்கலோயிட்டைத் தம் உறிஞ்சுகுழலின் ஈரத்தால் கரைத்து எடுத்து, பெண்ணைக் கவரும் மணப்பொருளாக மாற்றுகின்றன. 'செத்த செடி' எனப் பிடுங்கி எரிக்கப்படுவது ஒரு பூச்சியினத்தின் மணவினைக்கு வேண்டிய பொருள். இதைப்போலவே ஈரமண்ணில் ஆண்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து உறிஞ்சுவது நீருக்காக மட்டுமன்று. இலையுணவில் குறைவாயுள்ள சோடியத்துக்காக. அவ்வுப்பின் ஒரு பகுதி புணர்ச்சியின்போது பெண்ணுக்குச் செல்கிறது. உவர் என்பதே உப்பைக் குறிக்கும் சொல்லாயிருக்க, உவர்மலையில் இதனைக் காண்பது பொருத்தமே.

பறக்காத பூச்சிகளையும் புறக்கணிக்கலாகாது. வீட்டுத் தாழ்வாரத்து உலர்மண்ணில் குழியானை தோண்டும் கூம்புக்குழி, மணல் சரியாது நிற்கக்கூடிய உச்சச் சாய்வில் அமைந்தது. எறும்பு கால்வைத்ததும் சாய்வு குலைந்து அதனை அடிக்கு இறக்குகிறது. இரையின்றி வாரக்கணக்கில் காத்திருக்கவல்ல அவ்வேடன் உண்மையான பாலைவனங்களிலும் இதே முறையில் வாழ்கிறான். இலந்தையிலும் சூரையிலும் வளரும் சிறு நீலப்பூச்சிகளின் குடம்பிகளை எறும்புகள் காவல் காத்து இனிய சுரப்பைக் கூலியாகப் பெறுகின்றன. முதல்மழைக்குப்பின் செம்பட்டுத் துளியாய் வெளிவரும் தம்பலப்பூச்சியைச் சங்கப்புலவர் மூதாய் என்றனர். எட்டுக்கால் உடைமையால் அது பூச்சி வகுப்பினதன்று எனினும், முல்லை மீண்டதற்கான அடையாளமாக அவர்கள் அதனைக் கொண்டது கூர்ந்த அவதானிப்பு.

வாடைக்காற்றின் தொடக்கத்தில் வெள்ளை, மஞ்சள் பூச்சிகள் ஒரே திசையில் நாட்கணக்கில் செல்வதை இலங்கையர் பலரும் கண்டிருப்பர். அவை சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகின்றன என்பது மரபான நம்பிக்கை. மலையின் சிங்களப் பெயர்களில் ஒன்றே வண்ணத்துப்பூச்சியின் பெயரைக் கொண்டது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் திரட்டிய குறிப்புகளைக் கொண்டு சி. பி. வில்லியம்ஸ் 1927இல் இவ்விடப்பெயர்ச்சி பற்றி விரிவாக எழுதினார்.

இவ்வறிவெல்லாம் யாருடைய மொழியில் பதிவாகியுள்ளது என்ற வினாவைத் தவிர்க்க இயலாது. பிரெடெரிக் மூர் 1880க்கும் 1887க்கும் இடையில் வெளியிட்ட இலங்கைச் செதிற்சிறகிகள் பற்றிய மூன்று தொகுதிகளின் வண்ணப்படங்களுக்கு மூலம், பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்சின் கீழ்ப் பணிபுரிந்த டி அல்விஸ் குடும்பத்து ஓவியர் வரைந்தவை. நூல் மூரின் பெயரால் அறியப்படுகிறது. அதன்பின் ஓர்மிஸ்ரன் 1924இலும் வூட்ஹவுஸ் 1940களிலும் நூல்கள் எழுதினர். வான்டர் பூர்ட்டன் இணையர் 2016இல் வெளியிட்ட பெருநூல் குடம்பிகளையும் அவற்றின் உணவுத் தாவரங்களையும் விரிவாகத் தந்தது. இலங்கையின் ஏறத்தாழ 250 இனங்களை அறிய விரும்பும் மாணவர் இன்றும் ஆங்கிலத்தின் வாயிலாகவே நுழைய வேண்டியுள்ளது. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கின் பற்றைகள் கண்ணிவெடிக்கும் காவலரணுக்கும் உரியவையாயின. வலையோடு காட்டில் நடப்பது உயிராபத்தாக இருந்தது. தெற்கில் கள ஆய்வு வளர்ந்த அந்தக் கால்நூற்றாண்டு இங்கு வெற்றிடமாயிற்று. அதனால் யெர்பரியின் சிட்டைகளோடு ஒப்பிட உள்ளூரவர் எழுதிய தொடர்ச்சியான குறிப்பேடு நம் கையில் இல்லை.

பெயரும் இதனோடு சேர்ந்த சிக்கலே. தமிழக அரசு 2019இல் 'தமிழ் மறவன்' என்ற பூச்சியை மாநிலப் பூச்சியாக அறிவித்தது. அதனையொட்டி அங்குப் பல தமிழ்ப்பெயர்கள் புழக்கத்துக்கு வந்துள்ளன. அவற்றை அப்படியே ஏற்பதில் தவறில்லை. எனினும் குடம்பி உண்ணும் தாவரத்தைக் கொண்டு பெயரிடுவதே கற்பதற்கு எளிது என்பது நமது கருத்து. எருக்கையும் ஆதண்டையையும் அறிந்த கிழவிக்கு அப்பெயரை விளக்க வேண்டியிராது.

நோக்கலுக்கு வலையும் ஊசியும் வேண்டா. பல இனங்கள் சட்டப்பாதுகாப்பிலும் உள்ளன. இங்கிலாந்தில் ஏர்னெஸ்ற் பொலாட் வகுத்து, 1976இல் நாடளாவிய திட்டமாகத் தொடங்கிய முறை போதுமானது. ஒரே பாதையை வாரம் ஒருமுறை, வெயிலுள்ள வேளையில், ஒரே வேகத்தில் நடந்து, இருபுறமும் குறித்த அகலத்துக்குள் தென்படுவனவற்றை மட்டும் எண்ண வேண்டும். உவர்மலையின் கீழ்வீதி ஓரமாகவோ பாடசாலை வேலி ஓரமாகவோ அப்பாதை அமையலாம். திகதி, காற்றுக் கச்சானா வாடையா என்பது, பூச்சி, அது அமர்ந்த செடி, செடி பச்சையா காய்ந்ததா என்பது ஆகிய ஐந்தும் ஒரு வரியில் அடங்கும். மெலனிற்றிஸ் லேடாவாயின் கண்வட்டம் உண்டா இல்லையா என்று மேலும் ஒரு சொல். புரட்டாதியில் தொடங்கினால், வட்டமற்ற சிறகு வட்டமுள்ளதாகும் வாரத்தைத் தை பிறக்குமுன் குறித்துவிடலாம்.