அரங்கும் வகுப்பறையும் – 7: அரங்கேற்றத்துக்கு முந்திய மாதங்கள்

மட்டக்களப்புக் கிராமம் ஒன்றில் கூத்து ஆடுகளமான களரிக்கு வர மாதக்கணக்கில் ஆகும். முதலில் சட்டம் கொடுத்தல். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் ஊர்ப் பெரியவர்களும் கூடி, குரலையும் ஆளையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று தீர்மானித்து, அதற்குரிய பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டைக் கையில் கொடுப்பார்கள். பிறகு இரவு இரவாக ஆட்டப் பழக்கம். வாயால் தாளக்கட்டைச் சொல்லிச் சொல்லிக் காலுக்கு அது இறங்க வேண்டும். கால் படிந்த பிறகே சதங்கை. அதன்பின் அடுக்குப் பார்த்தல்: உடுப்பும் முடியும் இல்லாமல் ஊரார் முன் ஆடிக் காட்டுவது. பிழை கண்டவர் அங்கேயே சொல்வார். இத்தனைக்கும் பிறகுதான் அரங்கேற்றம்.

கூத்துக்கும் கல்விக்கும் உள்ள உறவைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி இரவையே பார்க்கிறார்கள். பாரதக் கதை, வடமோடி ஆட்டம், மத்தளம் என்று பட்டியல் போட்டுப் பள்ளி மேடைக்குக் கொண்டுவருகிறார்கள். என் கட்சி வேறு. கூத்தில் பள்ளிக்கூடமாக இருப்பது அதற்கு முந்திய மாதங்கள்தான். ஒருவர் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுகிறார்கள். ஆகவே கர்ணன் ஏட்டை வாங்கியவன் காதில் அருச்சுனன் பாட்டும் தினமும் விழுகிறது. தன் பங்கை மட்டும் ஒப்பித்துவிட்டு ஒதுங்க அங்கே இடமில்லை.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடிய கூத்து சில மணி நேரத்துக்குள் சுருங்கியது. கூத்தைக் கெடுத்துவிட்டார் என்பது பழைய குற்றச்சாட்டு. நேரம் குறைந்தது உண்மை. ஆனால் அண்ணாவிமாரிடமே மாணவர்கள் ஆடப் பழகினார்கள். அந்தப் பழக்கம் வெறும் மேடை உத்தியாக நிற்கவில்லை. இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பின்னாளில் மட்டக்களப்பு மரபு நாடகங்களை ஆராய்ந்து பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி களப்பயிற்சியை முன்னிறுத்தியதும் இதே திசைதான்: விளைவைவிடப் பழகுதல் பெரிது.

அண்ணாவியார் சொல்வதைத் திருப்பிச் சொல்வது மனப்பாடம்தானே, குழந்தையின் சுயசிந்தனைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்டிப்பு இருந்தது, பாத்திரம் கொடுப்பதில் சாதியும் பார்த்தார்கள், பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். இவற்றை மரபு என்ற பெயரில் வகுப்பறைக்குள் விட முடியாது. ஆனால் தாளம் வசப்படாதவன் தாளத்தை மீற முடியாது. தப்புவது மட்டும்தான் முடியும். மேலும், இன்னும் முடிவடையாத வேலையை எல்லார் முன்னும் வைத்துத் திருத்திக்கொள்ளும் துணிவை அடுக்கு தருகிறது. பரீட்சைத் தாள் அதைத் தருவதில்லை.

இன்று இலங்கைப் பள்ளிகளில் ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடம். சதங்கை அணிதல், அடுக்கு, அரங்கேற்றம் என்று ஒரு மாணவன் பரீட்சையில் வரிசையாக எழுதினால் அதற்கும் புள்ளி உண்டு. அந்த மாணவனை ஓர் அடுக்குக்காவது அழைத்துப் போங்கள், ஆசிரியர்களே.