மரத்துண்டு கற்பித்த பாடம்

பிறருக்கென ஒரு கருவியை அமைக்கப் புகுவோன் முதலில் ஆராய வேண்டியது கருவியையன்று; அதனைக் கையாளும் மனிதனையேயாம். அமெரிக்கப் பொறியியலாளர் ஜெப் ஹோக்கின்ஸ் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

அவர் நிறுவிய பாம் நிறுவனம் பங்கேற்று அமைத்த ‘சூமர்’ என்னும் கைக்கணினி, 1993ஆம் ஆண்டில் வெளிவந்து தோல்வியுற்றது. அது பருமனானது, இயக்கத்திலும் மந்தமானது. அடுத்த முயற்சியும் பொய்ப்பின் நிறுவனம் நிலைப்பதே அரிது.

ஹோக்கின்ஸ் உடனே கணினி செய்ய முற்படவில்லை. சட்டைப்பையில் அடங்குமாறு மரத்துண்டொன்றை வெட்டினார். சிறு குச்சியை எழுதுகோலாகக் கொண்டார். எவரேனும் சந்திப்புக்கு நாள் கேட்பின், துண்டை எடுத்துத் தட்டிப் பார்ப்பவர்போல் நடித்தார். எது அடிக்கடி தேவை, எது வேண்டாதது, ஒரு செயலுக்கு எத்தனை தட்டுதல் தகும் என்பன இவ்வாறு தெளிவாயின.

1996இல் வெளிவந்த ‘பைலட்’ கருவியில் நாட்குறிப்பு, முகவரி, செய்கடன், குறிப்பு என்னும் நான்கிற்கும் தனித்தனிப் பொத்தான்கள் அமைந்தன. ஏறக்குறைய பதினெட்டு மாதங்களில் பத்து இலட்சம் கருவிகள் விற்பனையாயின.

கணினித் திரைகளை வகுப்போர் இன்றும் முதலில் தாளில் மாதிரி வரைந்து பயனாளர் கையிற் கொடுத்துப் பார்ப்பது இதுபற்றியே. மரத்துண்டின் பிழையைத் திருத்த ஒரு வாள் போதும். முடிந்த கருவியின் பிழையைத் திருத்தப் பெரும்பொருள் வேண்டும்.