ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு

செங்கல்பட்டைத் தாண்டித் திண்டிவனம் பக்கம் போகிறீர்கள். முன்னால் போகிற வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லைக் கடந்ததும் நிதானமாக எண்ணுங்கள்: 'ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு.' எண்ணி முடிக்கும் முன்பே நீங்கள் அந்தக் கல்லை எட்டிவிட்டால், ஒட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுங்கள். பிரேக் வேண்டாம், பின்னால் வருகிறவரும் எண்ணாதவராக இருக்கலாம்.

மீட்டரை விட்டு நொடியில் அளப்பதில்தான் சூட்சுமம். ஓடும் வண்டியில் உட்கார்ந்துகொண்டு 20 மீட்டர் எது, 40 மீட்டர் எது என்று கண்ணால் அளக்க எத்தனை பேரால் முடியும்? நொடிக்கணக்கு வேகத்துக்கேற்பத் தானே நீண்டுகொள்ளும். மணிக்கு 40 கிலோமீட்டரில் 2 நொடி என்றால் 22 மீட்டர், 80-இல் 44 மீட்டர்.

அந்த 44 மீட்டரும் முழுசாக நம் கையில் இல்லை. முன்வண்டியின் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டு, புத்தியில் உறைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடி ஆகும், அசந்திருந்தால் ஒன்றரை. அந்த ஒரு நொடியில், வேகம் துளியும் குறையாமல் 22 மீட்டர் ஓடியிருப்போம். பிறகு பிரேக் பிடித்து, காய்ந்த தார்ச்சாலையில் நிற்க இன்னும் 36 மீட்டராவது வேண்டும். ஆக 58. விட்டிருப்பதோ 44! முன்வண்டியும் பிரேக் போட்டுக் கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் 2 நொடி போதுகிறது. அது ஓரத்தில் நிற்கும் லாரியில் மோதி அப்படியே நின்றுவிட்டால் போதாது. மழை நாளில் டயரின் பிடி குறைவதால் 4 நொடியாவது வேண்டும்.

கோவையில் 2017-இல் நெடுஞ்சாலையில் ஒரு கார் திடீரென நின்றது. பின்னால் பைக்கில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதி விழ, பேருந்து ஏறி ஒரு கால் போயிற்று. 2025-இல் உச்ச நீதிமன்றம் கார் ஓட்டியவர்மீது 50 சதவீதமும் பேருந்தின்மீது 30 சதவீதமும் பொறுப்பைச் சுமத்தியது. போதிய இடைவெளி விடவில்லை, உரிமமும் இல்லை என்று மாணவர்மீதும் 20 சதவீதம்.

'இடம் விட்டால் எவனாவது நுழைந்துவிடுகிறானே' என்பார்கள். நுழையட்டும், மறுபடி எண்ணுங்கள். திண்டிவனம் சேர்வதற்குள் பத்துப் பேர் நுழைந்தாலும் நமக்கு நஷ்டம் 20 நொடிதான். சில நாள் டோல்கேட்டில் ஃபாஸ்டாக் வேலை செய்யவே அதைவிட அதிக நேரம் ஆகிறது.