மோட்டாரைப் பட்டினி போடாதீர்கள்!

மின்சார விசிறியின் குமிழைத் திருப்புகிறோம். விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. அதே ரெகுலேட்டரை மாவு மெஷின் மோட்டாருக்குப் போட்டு வேகத்தைக் குறைக்கலாமா?

கூடாது! மோட்டார் கருகிவிடும். ஏன் என்று பார்ப்போம்.

சுற்றும் காந்தம்

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் முன்னும் பின்னுமாக மாறி மாறிப் பாய்கிறது. இப்படி வினாடிக்கு 50 சுற்று. மோட்டாரின் கம்பிச் சுருளில் அது பாயும்போது, உள்ளே காந்தம் ஒன்று சுற்றுவது போன்ற விசை உண்டாகிறது. நடுவில் இருக்கும் உருளை அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. இத்தகைய மோட்டாருக்கு நிகோலா டெஸ்லா 1888-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

சுருளில் 4 காந்த முனைகள் இருந்தால், காந்தம் நிமிடத்துக்கு 1,500 தடவை சுற்றும். உருளை சற்றுப் பின்தங்கி, சுமார் 1,440 தடவை சுற்றும்.

விசிறி தப்புவது எப்படி?

ரெகுலேட்டர் வோல்டேஜைக் குறைக்கிறது. மோட்டாரின் பலம் குறைகிறது. விசிறிக்கு அது போதும். வேகம் பாதியானால், காற்றின் எதிர்ப்பு கால் பங்காகிவிடும். விசிறி மோட்டாரும் அதற்கென்றே செய்யப்பட்டது.

மாவு மெஷினில் அப்படி அல்ல. மெதுவாகச் சுற்றினாலும் தானியம் விட்டுக்கொடுக்காது. பலம் குறைந்த மோட்டார் திணறும். அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். சுருள் சூடேறி, கம்பியின் மேல்பூச்சு கருகும். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் தண்ணீர் பம்பு மோட்டார் எரிந்துபோவதும் இதனால்தான்.

சரியான வழி

புல்லியை மாற்றுங்கள். மோட்டாரில் 3 அங்குலப் புல்லி, மெஷினில் 9 அங்குலப் புல்லி. இரண்டுக்கும் நடுவே பெல்ட். 1,440 சுற்று 480 ஆகிவிடும். வேகம் குறைந்தாலும் திருப்பும் பலம் ஏறக்குறைய மூன்று மடங்காகும்!

தொழிற்சாலைகளில் வேறொரு கருவி உண்டு. அதை டிரைவ் என்பார்கள். வோல்டேஜோடு, மின்சாரத்தின் 50 சுற்றையும் அது குறைக்கிறது. 25 ஆக்கினால் வேகம் பாதியாகும். இது பெரும்பாலும் மூன்று பேஸ் மோட்டார்களுக்கே பொருந்தும். வீட்டு மோட்டாரில் தாமாக மாட்டிப் பார்க்கக்கூடாது.

புல்லி மாற்றும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பெல்ட்டுக்கு மூடி போடுங்கள். புடவைத் தலைப்போ, குழந்தையின் விரலோ சிக்கினால் ஆபத்து.

ஒரு புல்லியின் விலை கொஞ்சம்தான். எரிந்த மோட்டாருக்குச் சுருள் கட்டும் கூலியோ அதைவிட அதிகம்!