பூட்டிய வீதிகள்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

சென்ற மாசி மாதத்தில் வெளிமாவட்டக் கல்லூரி ஒன்றிலிருந்து நாற்பது மாணவ மாணவியர் கல்விச் சுற்றுலாவாகச் செட்டிநாட்டைக் காண வந்தனர். அவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பை நம் துறைப் பேராசிரியர் என்னிடம் ஒப்படைத்தார். நான் இந்த மண்ணில் பிறந்தவன். என் தாயார் இங்குள்ள ஒரு பெரிய வீட்டைக் காவல் காத்துக் கூட்டிப் பெருக்கி வருபவர். எனவே இது எனக்கு எளிய வேலை என்றே எண்ணியிருந்தேன்.

அன்று நடந்தது இதுதான். பார்க்க விரும்பிய முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது வீட்டில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது வீட்டின் காவல்காரர் மதுரைக்குப் போயிருந்தார். உச்சி வெயிலில் நீண்ட வீதிகளில் நடந்தோம். இருபுறமும் கோட்டை போன்ற சுவர்கள். மனித நடமாட்டம் இல்லை. திண்ணை ஒன்றில் ஆடுகள் படுத்திருந்தன. தேநீர் குடிக்கலாம் என்றால் கடையைத் தேடி நெடுஞ்சாலைக்கே திரும்ப வேண்டியிருந்தது. பேருந்தில் ஏறும்போது ஒரு மாணவி கேட்டார்: “இதைப் பார்க்கவா அண்ணா, காலையில் நாலு மணிக்கு எழுந்து வந்தோம்?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. சினமும் வந்தது, வெட்கமும் வந்தது. இரவெல்லாம் எண்ணிப் பார்த்தபோது, கேட்டதில் பிழையில்லை என்றே பட்டது. படங்களில் கண்ட செட்டிநாடு ஒன்று. நேரில் நின்று பார்க்கும் செட்டிநாடு வேறொன்று. இந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று என்பதை அந்த மாணவிக்குச் சொல்வது போலவே இங்கு எழுதுகிறேன்.

ஊர் ஏமாற்றம் தருவது நமக்கு மட்டுமே உரியதன்று. இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டு, அந்நாட்டின் மிக மட்டமான ஊர்கள் எவை என்று மக்களையே கேட்டுத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார்கள். முதலிடம் ஹல் என்னும் துறைமுக நகருக்குக் கிடைத்தது. ஐஸ்லாந்துக் கடலில் மீன்பிடித்துச் செழித்த ஊர் அது. 1976-இல் அந்தக் கடல் அவர்களுக்கு மூடப்பட்டது, ஊர் படுத்துவிட்டது. தூரத்துக் கடலை நம்பி வாழ்ந்த ஊர் ஹல் என்றால், தூரத்து நிலத்தை நம்பி வாழ்ந்த ஊர்கள் நம்முடையவை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஹல்லில் தொழில் போயிற்று, மக்கள் இருந்தார்கள். இங்கே மக்களே போய்விட்டார்கள்.

காரைக்குடியைச் சுற்றியுள்ள மண்ணைப் பாருங்கள். செம்மண்ணும் செம்புறைக் கல்லும், ஆறு இல்லை, வானம் பார்த்த பூமி. இத்தனை ஆயிரம் மாளிகைகளைத் தாங்கும் விளைச்சல் இந்த நிலத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. பணம் முழுவதும் வெளியிலிருந்து வந்தது. 1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தனர். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றுப் படுகையில் நெல் பயிரிடக் காடு திருத்திய உழவர்களுக்குக் கடன் கொடுக்க ஐரோப்பிய வங்கிகள் முன்வரவில்லை, நகரத்தார் முன்வந்தனர். இலங்கை, மலாயா, சைகோன் என்று தொழில் பரவியது. இதற்குக் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்று பெயர். சிறு வயதிலேயே பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, பின் கிட்டங்கியின் பொறுப்பாளராகி, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் திரும்புவது வழக்கம்.

இதில் நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. செல்வம் கொழித்த காலத்திலேயே இந்த வீடுகளில் ஆடவர் பாதிக்கு மேல் இல்லை. ஆச்சிமார்களும் குழந்தைகளும் முதியோரும் வேலையாட்களுமே இருந்தார்கள். அப்படியானால் இவ்வளவு பெரிய வீடு எதற்கு? கல்யாணத்துக்கு; அறுபதாம் ஆண்டுச் சாந்திக்கு; முன்னோர்க்குச் செய்யும் படைப்புக்கு. முகப்பு, அதையடுத்து வளவு, பின் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீளம், ஆயிரம் பேர் பந்தியில் அமர்வதற்காக ஏற்பட்டது. விழா நாளில் பார்க்க வேண்டிய அரங்கத்தை, விழா இல்லாத நாளில் வந்து பார்த்துவிட்டு ஆளில்லை என்கிறோம். (அந்த மாணவர்கள் நடந்த வீதிகளில் ஒன்று முழுக்க முழுக்கப் பின்கட்டுச் சுவர்கள்தாம். அவர்களை அந்த வீதி வழியாக அழைத்துச் சென்றது என் பிழை.)

பர்மாவில் வீழ்ச்சி எப்படி வந்தது? 1930-இல் உலகெங்கும் விலை சரிந்தபோது நெல் விலையும் விழுந்தது. கடன் வாங்கிய உழவர்களால் திருப்பித் தர முடியவில்லை. அடகுக்கு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலம் 1937-இல் 25 பங்காயிற்று. இதை வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களுக்கு வேண்டியது வட்டி. கிடைத்ததோ விற்க முடியாத வயல். நிலமிழந்த பர்மிய உழவனுக்கு இவர்கள்மேல் எழுந்த வெறுப்பும் இயல்பானதே. நம் ஊர் நூல்கள் இந்த வெறுப்பைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்கின்றன. சற்று விரிவாகச் சொன்னால் நன்றாயிருக்கும். 1941 டிசம்பரில் ரங்கூனில் சப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. லட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். என் தாத்தாவின் தந்தை அவர்களுள் ஒருவர். ரங்கூன் கிட்டங்கி ஒன்றில் சமையல்காரராக இருந்தவர். விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தபின் வங்கிகளும் வணிகமும் அரசுடைமையாயின. கதை முடிந்தது.

ஆனால் எல்லா ஊர்களும் ஒரே மாதிரி வாடிவிடவில்லை. காரைக்குடி பிழைத்துக்கொண்டது. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னை, ரங்கூன் நகரங்களோடு ஒரே நாளில் காரைக்குடியிலும் தொடங்கியது. 1947-இல் வள்ளல் அழகப்பர் கல்லூரி கண்டார்; மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் நிலையம் திறக்கப்பட்டது. 1985-இல் பல்கலைக்கழகம், 2024-இல் மாநகராட்சி என்று ஊர் வளர்ந்தது. பணத்தைத் தேக்கிலும் சலவைக்கல்லிலும் போட்ட ஊர்களுக்கும் கல்விச்சாலையில் போட்ட ஊருக்கும் உள்ள வேறுபாட்டைப் பேருந்து நிலையத்தில் நின்றாலே காணலாம். அழகைப் பார்க்க வருபவர் காரைக்குடியில் இறங்கியதும், மற்ற ஊர்களைப் போன்ற கடைவீதியைக் கண்டு முகம் சுளிப்பது உண்மைதான். அது உயிரோடிருக்கும் ஊரின் நெரிசல்.

இனி வீடுகளின் உடல்நிலைக்கு வருவோம். இந்த வீடுகள் எளிதில் சாகக்கூடியவை அல்ல. சுண்ணாம்போடு கடுக்காய் நீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த சுவர், நூறு ஆண்டு கழித்தும் கை வைத்தால் கண்ணாடி போல வழுக்கும். பர்மாத் தேக்குத் தூண்களைக் கரையான் எளிதில் தொடாது. கூரையில் விழும் மழையெல்லாம் வளவின் முற்றத்தில் இறங்கிக் கால்வாய் வழியே வெளியேறி ஊருணிக்குப் போகும். ஆனால் எல்லாவற்றுக்கும் குடையாக இருப்பது ஓடு. குரங்கு ஒன்று தாவி ஓர் ஓட்டை நகர்த்திவிட்டால் போதும். அந்த வழியே இறங்கும் நீர், சட்டத்தை நனைத்து, சுண்ணாம்பை இளக்கும். பறவை இட்ட எச்சத்தில் அரசங்கன்று முளைக்கும். வேர் உள்ளே இறங்கியபின் சுவர் பிளப்பதை யாராலும் நிறுத்த முடியாது. ஆண்டுதோறும் ஆடி மாதம் ஆள் ஏறி ஓட்டைத் திருப்பி அடுக்கினால் வீடு நிற்கும். பத்து ஆண்டு ஏறாவிட்டால் விழும்.

ஏன் ஏறுவதில்லை? பணமில்லாமையால் மட்டுமன்று. என் தாயார் காக்கும் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சகோதரர்கள் கட்டிய வீடு. இன்று முப்பத்து நான்கு பங்கு. வளவின் இருபுறமும் பதினோர் அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று ஒதுக்கியவை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. சாவிகள் சென்னையிலும் கோவையிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. தலைவாசல் சாவி மட்டுமே எங்களிடம் உள்ளது. சென்ற ஐப்பசி மழையில் ஏழாவது அறைக்குள் ஒழுகத் தொடங்கியது. கதவின் கீழ் வழியாகச் சிவந்த நீர் வளவுக்கு வருகிறது, உள்ளே என்ன நனைகிறது என்பது தெரியாது, திறக்க உரிமையில்லை. நான் ஒவ்வொரு பங்காளியையும் தொலைபேசியில் அழைத்தேன். யாரும் கடிந்து பேசவில்லை. சென்னையில் இருக்கும் ஆச்சி, “மத்தவுக எல்லாரும் சரின்னா நானும் தர்றேன் தம்பி. எனக்கு இருக்கறது ஒத்தப் பங்குதானே!” என்றார். மற்றவர்களும் ஏறத்தாழ இதையே சொன்னார்கள். எல்லாரும் நல்லவர்கள், ஓடு மட்டும் ஏறவில்லை.

பழுது பார்ப்பதென்றால் ஒவ்வொருவரும் பணம் தரவேண்டும். விற்பதென்றால் ஒவ்வொருவருக்கும் பணம் வரும். எனவே, பழுதுக்குக் கிடைக்காத ஒற்றுமை விற்பனைக்குக் கிடைத்துவிடுகிறது. வீட்டின் விலையைவிட அதில் உள்ள மரத்தின் விலை கூடுதல். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்து பாருங்கள்: நிலைக்கதவுகள், தூண்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், எனாமல் பாத்திரங்கள், ரவிவர்மா படங்கள். சுற்றுலா வந்தோர் அன்று மிகவும் மகிழ்ந்து படமெடுத்த இடம் இந்தத் தெருதான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீடுகளுக்குள் காணாத செட்டிநாட்டை அவர்கள் கடைகளில் கண்டார்கள். எங்கள் வாசலுக்கும் இரண்டு முறை வியாபாரிகள் வந்து தூண்களை முழம்போட்டு அளந்து போயிருக்கிறார்கள். தூண் போனால் கூரை போகும். கூரை போனால் என் தாயாரின் வேலை போகும். வேலையைவிட, நான் எழுதப் படித்த திண்ணை போகும்.

நம்பிக்கைக்கு இடமில்லை என்று சொல்லவில்லை. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிப் பிழைத்திருக்கின்றன. அதனால் தெருவில் நாலு பேருக்கு வேலை. சமையற்கட்டில் மறுபடியும் புகை. எல்லா வீடும் விடுதியாக முடியாது என்பதும் உண்மை. ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின்மேல் அச்சை வைத்துச் சிமெண்ட் கலவையில் வண்ணம் ஊற்றித் தரைக்கல் செய்யும் தொழில் இன்றும் நடக்கிறது. 2019-இல் கண்டாங்கிச் சேலை புவிசார் குறியீடு பெற்றது. வருகிறவர்கள் பூட்டிய வீட்டின் முன் நின்று படமெடுப்பதைக் குறைத்துக்கொண்டு, இந்த வேலை நடக்கும் இடங்களில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இவ்வளவு ஏமாற்றம் இருக்காது. பிள்ளையார்பட்டி, இளையாற்றங்குடி, வைரவன்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களும் பூட்டிக் கிடப்பவை அல்ல. தைப் பொங்கலை அடுத்த செவ்வாயில் நாட்டரசன்கோட்டையில் நகரத்தார் கூடிப் பொங்கலிடும் காட்சியைக் கண்டவர் செட்டிநாடு செத்த நாடு என்று சொல்லமாட்டார். வருவதானால் காலையில் வாருங்கள். முன்னதாகக் காவல்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அவருக்குத் தரும் ஐம்பது ரூபாயைப் பெரிதாக எண்ண வேண்டாம். பல வீடுகளில் மாதச் சம்பளம் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது.

அந்த மாணவிக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதி அனுப்பினேன். மறுபடியும் வருவதாகப் பதில் வந்திருக்கிறது. வருகிற தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். மணப்பெண் அமெரிக்காவிலிருந்து வருகிறார். முகப்புக்கும் வளவுக்கும் மட்டும் ஓடு மாற்றப் பங்காளிகள் பணம் அனுப்பியிருக்கிறார்கள். தாயார் இப்போதே தூண்களுக்கு எண்ணெய் தேய்க்கத் தொடங்கிவிட்டார். பத்து அறைகளின் சாவிகள் கல்யாணத்துக்கு வந்துவிடும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். ஏழாவது அறைக்காரர் மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை.